அந்த ஏழு பேருக்கு மட்டும் லீவு

எங்கள் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு மலர் போடுகிறார்களாம். மகமைக் கமிட்டியின் உதவியால் பள்ளியில் படிப்பு எப்படி வளர்ந்தது என்று நாலு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று இப்போதைய தலைமை ஆசிரியை ஜெயராணி தொலைபேசியில் கேட்டார். ஓய்வு பெற்ற இரண்டு வருஷமாகப் பேப்பரை விளம்பரம் உட்படப் படித்துத் தீர்க்கும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்கள் மலரில் எப்படி எழுதுவார்கள் என்பது எனக்கு அத்துப்படி. தான் வரும்போது பள்ளியில் ஒன்றுமே இல்லை என்று ஆரம்பித்து, தான் போகும்போது எல்லாமே இருந்தது என்று முடிக்க வேண்டும். அப்படியே எழுதிவிடலாம் என்று போனை வைக்கப் போனேன்.

"நல்லது மட்டுந்தான் எழுதணும்னு இல்ல சார்" என்றார் ஜெயராணி.

என்னிடம் பத்து வருஷத்துக்கு மேல் உதவி ஆசிரியையாக வேலை பார்த்தவர். எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அது நடந்த நாளுக்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. ஒரு வாரம் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டு இதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர் இஷ்டம்.

வெளியூர்க்காரர்களுக்காக மகமை பற்றி ஒரு வார்த்தை. விருதுநகர், சிவகாசிப் பக்கத்து வியாபாரிகள் விற்கிற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு பங்கை ஊர்ப் பொதுவுக்கு எடுத்து வைப்பார்கள். பழைய வழக்கம். அதிலிருந்துதான் இங்கே பல பள்ளிக்கூடங்கள் எழும்பின. நான் சொல்லும் கமிட்டி, தன் சொந்தப் பள்ளிகளோடு நிற்காமல் கிராமத்து அரசுப் பள்ளிகளுக்கும் உதவ ஆரம்பித்தது. ஃபேன் வாங்கிக் கொடுத்து அதன் இறக்கையில் பேர் எழுதுகிற கூட்டம் இல்லை. வாசிக்கத் தெரியாமலே வகுப்பு ஏறிவிட்ட பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுப்பது, அது ஒன்றுதான் அவர்கள் வேலை. உள்ளூரில் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் இரண்டு பேரைச் சம்பளத்துக்கு அமர்த்துவார்கள். பள்ளி விட்டதும் ஒரு மணி நேர வகுப்பு, கையில் கொஞ்சம் சுண்டல். புத்தகங்களைச் சிவகாசியில் அவர்களே பெரிய எழுத்தில் அச்சடித்துத் தருவார்கள்.

இனி என் கதை. ஆசிரியர் பயிற்சியில் நான் கற்றதெல்லாம் முதல் வருஷத்திலேயே மறந்துபோனது. வேலை கற்றுக்கொண்டது என் முதல் தலைமை ஆசிரியர் குருசாமி சாரிடம்தான். ஆய்வுக்கு அதிகாரி வரும் நாள் அவருக்குக் கல்யாண நாள். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி கட்டி, விடிந்ததும் வந்துவிடுவார். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை முன் வரிசையில் வைப்பார். சுமாரானவர்களை இரண்டு கெட்டிக்காரர்களுக்கு நடுவில் ஒருவராகச் செருகுவார். ஒன்றுமே தெரியாதவர்களுக்குத் தண்ணீர் கோஷ்டி என்று பேர் வைத்திருந்தார். அதிகாரியின் ஜீப் சத்தம் கேட்டதும் அவர்கள் குடத்தோடு ஊர்க் கிணற்றுக்குக் கிளம்ப வேண்டும். ஜீப் திரும்பிப் போகும் வரை வேப்பங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பள்ளியில் வேப்பமரங்கள் அமோகமாக வளர்ந்தன.

அவர் கெட்டவர் இல்லை. யாரையும் அடிக்க மாட்டார். "நம்ம வீட்டு அழுக்குத் துணியை விருந்தாளி கண்ணுல காட்டுவமா தம்பி" என்று மென்மையாகக் கேட்பார். எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. பிறகு நானும் தலைமை ஆசிரியராகி, வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் இந்த நடுநிலைப் பள்ளிக்கு வந்து, ஒவ்வொரு ஆய்விலும் நல்ல பேர் வாங்கினேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மகமைக் கமிட்டியின் விண்ணப்பத்தை ஜெயராணிதான் கொண்டுவந்தார். அதில் முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்று: உங்கள் பள்ளியில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் யார் யார்? ஆறாம் வகுப்பிலிருந்து ஏழு பேர் பெயரை ஜெயராணி எழுதியிருந்தார். எல்லாருடைய தாய் தகப்பனும் பயர் ஆபீஸுக்குப் போகிறவர்கள். பட்டாசு ஆலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனால் இருட்டும் நேரத்தில் கொண்டுவந்து விடும். வீட்டில் எழுத்தைக் காட்டிக் கொடுக்க ஆள் கிடையாது. ஜெயராணி அந்த ஏழு வீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை நடந்து போய், சாயங்கால வகுப்பு வரப்போகிறது என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். அதுவரை நான் ஒழுங்காகத்தான் இருந்தேன்.

கமிட்டியிலிருந்து ஒருவர் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அதோடு இன்னொரு பேச்சும் காதில் விழுந்தது. கல்வி அதிகாரியும் கூட வருகிறாராம். அவ்வளவுதான், எனக்குள் இருந்த குருசாமி சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். ஆறாம் வகுப்பில் ஏழு பேருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது என்று அதிகாரி பார்த்தால் என் பேர் என்னாவது? வருகிறவர் உதவி செய்ய வருகிறார், நம் குறையைப் பார்க்கத்தான் வருகிறார் என்ற சின்ன விஷயம் என் மண்டையில் ஏறவே இல்லை. யார் வாசலுக்கு வந்தாலும் ஆய்வு என்று பழகிப்போன மண்டை.

முந்தின நாள் பள்ளியைச் சுத்தம் செய்தோம். அந்த ஏழு பேரும்தான் அதிகம் உழைத்தார்கள். படிப்பு வராத பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பது எங்கள் வழக்கம். மைதானத்தைக் கூட்டினார்கள், பாத்தி ஓரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சாயங்காலம் ஏழு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினேன். நன்றாக வேலை செய்ததால் நாளைக்கு உங்களுக்கு லீவு, பள்ளிக்கூடத்துப் பக்கமே வரக் கூடாது என்றேன். குதித்தார்கள். மாரீஸ்வரி என்ற பிள்ளை மட்டும் கையில் சுண்ணாம்போடு அப்படியே நின்றாள்.

"எங்களுக்கு மட்டுமா சார்?" என்று கேட்டாள்.

ஆமாம், உங்களுக்கு மட்டும்தான் பரிசு என்றேன். அவளும் சிரித்துக்கொண்டு ஓடினாள். ஒரு பதினோரு வயதுப் பிள்ளையை அவமானப்படுத்திவிட்டு அதைப் பரிசு என்று அவளையே நம்ப வைத்தேன். இதை எழுதும்போது எனக்குக் காது சுடுகிறது.

மறுநாள் அதிகாரி வரவில்லை. அது வெறும் பேச்சு. வந்தவர் செல்வராஜ் அண்ணாச்சி, பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறவர், தனியாக. மேளம் வைத்திருந்தோம், வேண்டாம் என்று கையைக் காட்டினார். பொன்னாடையை எடுத்து விரித்தேன். "துண்டு நம்ம கடையிலயே நெறைய கெடக்கு சார், பிள்ளைகளைப் பாப்போம்" என்றார். வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றினார். நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அவர் சோதிக்கிற விதத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். அச்சகத்தில் கழித்துப் போடும் வேஸ்ட் தாள்கள். காலண்டர் அட்டை, நோட்டு உறை, மசாலா பாக்கெட் லேபிள் என்று எல்லாம் கலந்து கிடந்தன. பிள்ளை ஒவ்வொன்றும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கண்ணில் பட்ட ஒரு தாளை உருவி வாசிக்க வேண்டும். பாடப் புத்தகம் என்றால் பாதி மனப்பாடம், இது அப்படி இல்லை. யாராவது திக்கினால் திருத்த மாட்டார், தலையை ஆட்டிக்கொண்டு காத்திருப்பார். முடிந்ததும், "சரி, அடுத்தாளு" என்பார். பாராட்டும் கிடையாது, முகச்சுளிப்பும் கிடையாது. அப்படியே மதியம் வரை உட்கார்ந்திருந்தார். இருந்த பிள்ளைகள் எல்லாரும் வாசித்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் தன் தூக்குவாளியில் கொண்டுவந்த தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினார்.

"இதுல ஏழு பேருன்னு போட்டிருக்கீகளே, அவுகளைக் காணோமே?" என்று கேட்டார்.

ஜெயராணி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உடம்புக்குச் சரியில்லை, ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று ஏதாவது சொல்லியிருந்தால்கூட அவர் இன்னொரு நாள் வந்திருப்பார். நான் சொன்னது இது:

"அது போன பரீட்சை நிலவரம் அண்ணாச்சி. இப்ப நாங்களே தேத்திட்டோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சந்தோஷம் என்றார். அப்படியானால் இந்த வருஷம் இன்னும் தேறாத பள்ளிக்குக் கொடுப்பதுதான் முறை என்றார். நல்ல மனுஷர், என்னைப் பாராட்டிவிட்டுத்தான் கிளம்பினார். நான் கேட் வரைக்கும் போய்க் கும்பிட்டேன். கார் புழுதி அடங்குவதற்குள் நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கூப்பிட்டிருக்கலாம். ஓடியிருக்கலாம், போன் செய்திருக்கலாம். திரும்பி வந்தபோது ஜெயராணி கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார். அதில் எழுத்து எதுவும் இல்லை. "ஏழு வீட்டுக்கும் நான் என்ன சார் சொல்ல?" என்று மட்டும் கேட்டார். பார்த்துக்கொள்ளலாம் என்று நான் கோபமாகப் பேசினேன். தப்புச் செய்தவனுக்குத்தான் குரல் உயரும்.

இரண்டு வாரம் கழித்து, மாசிக் கடைசியில், கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. தங்கள் பள்ளியைப் பற்றி வேறு ஏதேனும் தெரிவிக்க விரும்பினால் ஆனி மாதம் முடியும் வரை காத்திருப்போம் என்று ஒரு வரி. சம்பிரதாயத்துக்கு எழுதுவார்கள் என்று ஃபைலில் கோத்து வைத்தேன். ஆனி முடிந்தது. உதவி பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போனது.

அடுத்த வருஷம் ஒரு கூட்டத்துக்காக அந்தப் பள்ளிக்குப் போக வேண்டி வந்தது. மேசையில் கிடந்த சின்னப் புத்தகத்தைப் புரட்டினேன். பிள்ளைகள் தங்கள் வீட்டைப் பற்றி வாயால் சொன்னதைக் கமிட்டி அமர்த்திய இரண்டு பெண்களும் எழுதியெடுத்து, சிவகாசியில் பெரிய எழுத்தில் அடித்து, அதையே அந்தப் பிள்ளைகளுக்குப் பாடமாகக் கொடுத்திருந்தார்கள். "எங்க அம்மா பயர் ஆபீஸுக்குப் போகுது. அம்மா கை வெள்ளி மாதிரி இருக்கும். சோப்பு போட்டாலும் போகாது." தன் வாயில் வந்த வார்த்தைதான் தாளில் இருக்கிறது என்று தெரிந்தால் எந்தப் பிள்ளைதான் வாசிக்காது? அங்கே ஒரு பையன் அதை எனக்கு விரல் வைக்காமல் வாசித்துக் காட்டினான். போன வருஷம் வரை அவனுக்கு அகரமே தெரியாதாம். நல்லது என்று சொல்லிவிட்டு, காபி குடிக்காமல் கிளம்பினேன்.

அதற்குப் பிறகாவது நான் விண்ணப்பித்திருக்க வேண்டும். விண்ணப்பித்தால் பழைய பொய்க்குப் பதில் சொல்ல வேண்டும். ஜெயராணி ஒவ்வொரு வருஷமும் படிவத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார். நான் வேறு காகிதத்தை அதன் மேல் வைப்பேன். இப்படியே பத்து வருஷம். நஷ்டம் அந்த ஏழு பேரோடு நிற்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் வாசிக்கத் தெரியாமலே போனார்கள். எட்டாவது வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதால் அந்த ஏழு பேரும் எட்டாவது முடித்தார்கள். ஒன்பதாவதுக்கு இரண்டு பேர்தான் வெளியூர்ப் பள்ளிக்குப் போனார்கள். மாரீஸ்வரி வீட்டில் இருந்து வெடிக்குக் காகிதக் குழல் உருட்டினாள். பதினெட்டு முடிந்ததும் கம்பெனி வேனில் ஏறிவிட்டாள்.

என் பணிநிறைவு விழாவுக்கு அண்ணாச்சி வந்திருந்தார். தளர்ந்து போயிருந்தார். எல்லாரும் என்னைப் புகழ்ந்து பேசி முடித்த பிறகு, பந்திக்குப் போகிற வழியில் என் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார். நான் அன்றைக்கு அனுப்பிவைத்த பிறகு, அவர் கார் கண்மாய்க் கரை வழியாகத்தான் போயிருக்கிறது. கரையில் பிள்ளைகள் இலந்தைப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் போகவில்லையா என்று காரை நிறுத்திக் கேட்டிருக்கிறார். நல்லா வேலை செஞ்சதுக்கு சார் லீவு விட்டாக என்று ஒரு பிள்ளை சொல்லியிருக்கிறது.

"பையில இருந்த தாளை நீட்டுனேன் சார். ஏழும் முழிச்சுச்சு. எனக்கு வெளங்கிருச்சு. நீங்களா ஒரு வார்த்தை சொல்வீகன்னுதான் ஆனி வரைக்கும் அந்த எடத்தைக் காலியா வச்சிருந்தோம். நானா வந்து கேட்டிருக்கணும். வீம்பா இருந்துட்டேன். அதுவும் தப்புத்தான்."

முதலில் எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. தெரிந்தும் ஏன் பேசாமல் இருந்தார், என் ரோஷத்தைச் சோதிக்க ஏழு பிள்ளைகள்தான் கிடைத்தார்களா என்று. சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தபோது அந்தக் கோபம் இறங்கிவிட்டது. ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நாலு மாதம் கொடுத்திருக்கிறார்கள். நான் அதை ஃபைலில் கோத்து வைத்திருக்கிறேன்.

நான் கிளம்பிய மறு மாதமே ஜெயராணி கமிட்டிக்குப் போய் நின்றார். இப்போது பள்ளியில் சாயங்கால வகுப்பு நடக்கிறது. போன தை மாதம் ஒருநாள் போய்ப் பார்த்தேன். கமிட்டிக்காரர்கள் வருகிற நாளில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள்தான் முதல் வரிசையாம். அவர்களுக்குத்தான் பூ கொடுக்கிற வேலையாம். ஜெயராணி இதை ஒரு தகவல்போலத்தான் சொன்னார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

மலருக்கு எழுத உட்கார்ந்த பிறகுதான், எழுதுவதற்கு முன்னால் சொல்ல வேண்டிய ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்று உறைத்தது. மாரீஸ்வரியை எம். புதுப்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஆலை லீவு என்பதால் போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். அடையாளம் தெரிந்து ஓடிவந்தாள். நாற்காலி போட்டாள், குடிக்கக் கலர் வாங்கிவர வீட்டுக்காரரை அனுப்பப் பார்த்தாள், நான்தான் தடுத்தேன். அவர் உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வயதுப் பெண் குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறாளாம். பேரை மட்டும் எழுதப் பழகிக்கொண்டதாகச் சொன்னாள்.

சுற்றி வளைக்காமல் அந்த லீவைப் பற்றி ஆரம்பித்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"மறக்குமா சார்? அன்னைக்குப் பூராவும் கண்மாயில கெடந்தோம். எங்களுக்குன்னு தனியா லீவு விட்டது நீங்க ஒருத்தர்தான்."

இதற்கு மேல் சொல்லாமல் எழுந்து வந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அவளுடைய நல்ல ஞாபகத்தை ஏன் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். சாக்குச் சொல்வதில் எனக்குப் பழக்கம் உண்டு. இந்தத் தடவை அதைக் கேட்கவில்லை. அன்றைக்கு யார் வந்தார், எதற்கு வந்தார், நான் என்ன பொய் சொன்னேன், அந்தப் பொய்யால் எந்த வகுப்பு அவளுக்குக் கிடைக்காமல் போனது என்று வரிசையாகச் சொன்னேன். பக்கத்து ஊரில் அவளைப் போலவே இருந்த பிள்ளைகள் ஒரே வருஷத்தில் வாசித்ததையும் சொன்னேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்டேன்.

அவள் குழந்தையை இறக்கிவிட்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"எனக்குப் படிப்பு ஏறாதுன்னுதான் சார் இம்புட்டு நாளும் நெனச்சிருக்கேன். அந்த வகுப்பு வந்திருந்தா எனக்கும் ஏறியிருக்குமா?"

"ஏறியிருக்கும்மா."

"அப்ப நான் மக்கு இல்லையா சார்?"

இல்லை என்றேன். ஒரு நாளும் இல்லை, தப்பு முழுக்க என்னுடையது என்றேன். கடைசியில் சொன்னதை அவள் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவள் முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை. வாசல்படியில் ஏறி நின்று, உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் சத்தமாகச் சொன்னாள்.

"ஏங்க, கேட்டீகளா? நான் மக்கு இல்லையாம். எங்க சாரே வந்து சொல்றாக."

அவர் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வெளியே வந்து என்னைக் கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிட எனக்குக் கை எழவில்லை.